ஜெசிந்தா எழுதாத பதில்

1

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் என் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழுவில் நானும் ஓர் அங்கத்தவர் என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கைக்குச் சொன்னபோது, "அப்ப உனக்குப் பின்னாலை குடை பிடிக்க ஆளும் வருமோ?" என்று கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லை. பெற்றோருக்கு ஏழு இடம் இருந்தது. ஏழு பேர்தான் முன்வந்தோம். வாக்குப் பெட்டியே இல்லாமல் வென்றுவிட்டேன். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளி நூலகத்தில் கூடுவோம். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, கோப்பி குடித்து, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுவதா வேண்டாமா என்று ஒன்றரை மணிநேரம் பேசுவோம்.

தை மாதக் கூட்டத்தில் கூரை பற்றிய பேச்சு இல்லை. ஹென்றிக் என்ற தச்சுவேலைக்காரர், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பன், ஒரு விஷயத்தை நிகழ்ச்சிநிரலில் போட்டிருந்தார். ஆணா பெண்ணா என்பதைப் பிள்ளையே உணர்ந்து சொல்லலாம் என்று ஒரு படப்புத்தகத்தை வைத்து வகுப்பில் பாடம் நடந்திருக்கிறது. அவருடைய மகள் வீட்டுக்கு வந்து, "நான் பெண்பிள்ளைதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சத்தம்போடவில்லை. மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தார். அந்தப் புத்தகத்தை யார் தெரிவுசெய்தது? எந்த வயதில் இதைத் தொடங்குகிறீர்கள்? ஏன் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை?

தாதியாக வேலை செய்யும் கிர்ஸ்தன் பதில் சொன்னாள். "என் தம்பிக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஹென்றிக். எல்லோரும் சிரிக்க மட்டும் செய்தார்கள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான்."

எனக்கு இரண்டு பேரும் சொன்னது சரியாகத்தான் பட்டது. கூட்டங்களில் எனக்கு வருகிற வியாதி இது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு வருடமாகக் கேக்கை வெட்டிப் பரிமாறியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லையே என்ற வெட்கம் இருந்தது. கை உயர்த்தினேன். "டேனிஷ் வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு இதையெல்லாம் எப்படித் தெரிவிக்கிறீர்கள்? ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் கேட்டால், அந்தத் தாய்க்குத் தெரியவருமா?"

நல்ல கேள்வி என்று ஹென்றிக் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதிபர் பிர்கிட்ட கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தெரியவரும். எப்போதும் எழுதுவோம். யார் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு பிள்ளைக்கு அப்படி நடந்தது. வேறு தாய்மொழி பேசும் குடும்பம். வகுப்பாசிரியை அன்றைக்கே எழுதினார். தாயிடமிருந்து ஒரு மணிநேரத்துக்குள் பதில் வந்தது. தங்களுக்கு இது தெரியும், பிள்ளையை நினைத்துப் பெருமைப்படுகிறோம் என்று. உண்மையைச் சொன்னால், வாசித்தபோது என் கண் கலங்கியது."

கிர்ஸ்தன் மூக்கைத் துடைத்தாள். ஹென்றிக் தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "அந்தப் பெற்றோரே சம்மதம் என்றால் நான் என்ன சொல்ல?" என்றார்.

அந்தப் பதிலை எழுதியவள் நான். அந்தத் தாய்க்கு அன்றுவரை ஒன்றும் தெரியாது.

2

அங்கே நாட்டில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இது விளங்க வேண்டுமென்றால், இங்கே எங்கள் ஊரின் கடிதம் வாசிக்கிற வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் அகதிகளாக வந்த தமிழர்களை இந்த நாட்டில் ஓரிடத்தில் கூட்டமாக இருக்க விடவில்லை. நாலு குடும்பம் இங்கே, ஐந்து குடும்பம் அங்கே என்று பிரித்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு சின்ன ஊரிலும் டேனிஷ் நன்றாகத் தெரிந்த ஒரு வீடு இருந்தது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த கடிதங்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஒரு சட்டி கறியோடு அங்கே போவார்கள். வாசித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் அந்த வீட்டாரின் வேலை. கையெழுத்தைக்கூடச் சிலவேளை அவர்களே போட்டுவிடுவார்கள். இருபது வருடத்துக்கு முன் நான் கலியாணம் முடித்து வந்தபோது அந்த வேலையை மாமனார் செய்துகொண்டிருந்தார். அவர் போனபின் என்னிடம் வந்தது.

இப்போது கடித உறை வருவதில்லை. எல்லாம் ரெலிபோனில் வருகிறது. அதனால் எங்கள் ஆட்கள் பையைக் கொண்டுவருவதற்குப் பதிலாகக் கடவுச்சொல்லையே தந்துவிட்டார்கள். பிழை என்று எனக்குத் தெரியும். ஒரு முதியோர் இல்லத்தின் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறேன்; இப்படி யாராவது அங்கே செய்தால் நானே ஏசுவேன். ஆனால் ஜெசிந்தா கதவைத் தட்டி, "அக்கா, இந்தாங்கோ, இதுக்குள்ள எல்லாம் இருக்கு, நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ" என்று கடவுச்சொல் எழுதிய தாளை நீட்டும்போது எந்த வாயால் மறுப்பது?

ஜெசிந்தா மன்னார்ப் பக்கம். இங்கே வந்து பத்து வருடம். இறைச்சி பொதிசெய்யும் தொழிற்சாலையில் நிற்கிறாள். அங்கே பேசுகிற டேனிஷ் விளங்கும், எழுத்து ஏறவில்லை. புருஷன் அன்ரன் லொறி ஓட்டுகிறார். திங்கட்கிழமை ஜெர்மனிப் பக்கம் போனால் வெள்ளிக்கிழமைதான் வருவார். ஒரே பிள்ளை, டிலானி, நாலாம் வகுப்பு.

இலையுதிர்கால விடுமுறைக்கு முந்திய கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம், ஜெசிந்தாவுக்கு வகுப்பாசிரியை எழுதிய செய்தி என் ரெலிபோனிலும் வந்தது. டிலானி தன்னை எமில் என்று கூப்பிடச் சொல்கிறாள். தான் ஆண்பிள்ளை என்கிறாள். வகுப்பில் சில பிள்ளைகள் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் எதையும் தீர்மானிக்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறோம். வந்து பேசுவீர்களா? அவ்வளவுதான். நல்ல மனதோடு எழுதிய கடிதம்.

நான் பயந்துவிட்டேன். பயம் பிள்ளையை நினைத்து வரவில்லை. கொம்யூனை நினைத்து வந்தது. கொம்யூன் என்றால் உங்கள் நகரசபை மாதிரித்தான், ஆனால் இங்கே குப்பை அள்ளுவதும் அதுதான், வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்று நினைத்தால் பிள்ளையைக் கொண்டுபோவதும் அதுதான். ஜெசிந்தா பள்ளிக்கூடத்துக்குப் போய்க் குழறினால், அன்ரன் மேசையில் அடித்து ஒரு வார்த்தை சொன்னால், அதை யாராவது எழுதி மேலே அனுப்பினால்? எங்கள் ஆட்களுக்கு இந்தப் பயம் எலும்போடு ஊறியது. அதோடு ஜெசிந்தாவின் தாய் மன்னாரில் இறந்து முப்பத்தோராம் நாள் பூசைகூட இன்னும் முடியவில்லை. அவள் சாப்பிடாமல் உடைந்துபோய்க் கிடந்தாள். சின்னப்பிள்ளை விளையாட்டு, நத்தார்ப் பண்டிகைக்குள் மறந்துவிடும் என்று நினைத்தேன். பாண் துண்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் பதில் எழுதினேன்.

"நன்றி. எங்களுக்கு இது தெரியும். எங்கள் பிள்ளையை நினைத்துப் பெருமைப்படுகிறோம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரால் கூப்பிடலாம். சந்திப்புத் தேவையில்லை."

பெருமை என்ற சொல்லை ஏன் போட்டேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இங்கத்தைய பெற்றோர் அப்படி எழுதுவார்கள். கடிதம் நம்பும்படியாக இருக்கட்டும் என்று போட்டேன். வேலையில் எனக்கு நல்ல பெயர் இருப்பதே நான் எழுதும் கடிதங்களால்தான்.

பின்னேரம் ஜெசிந்தா கேட்டாள். "பள்ளிக்கூடத்திலையிருந்து ஏதோ வந்தமாதிரிச் சத்தம் கேட்டுது அக்கா. என்னவாம்?"

"ஒண்டுமில்லை. பிள்ளை கெட்டித்தனமாம். நல்ல சிநேகிதர் கிடைச்சிருக்காம்."

"ஓமோ? அவளுக்குச் சிநேகிதரே இல்லையெண்டு நான் கவலைப்பட்டனான்," என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

3

இது எனக்குப் புதிய தொழில் இல்லை. பதினேழு வயதில், யாழ்ப்பாணத்தில், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் என்று எங்கள் ஒழுங்கையில் எனக்குப் பெயர் இருந்தது. நாலு வீடு தள்ளி இருந்த புவனம் அக்காவின் புருஷனை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவவுக்கு மனு எழுதிக் கொடுத்ததும் நான். பதில் வந்தபோது வாசித்ததும் நான். அப்படி ஒருவரை நாங்கள் கைதுசெய்யவில்லை என்று இரண்டே வரி எழுதியிருந்தது. அவவின் முகத்தைப் பார்த்தேன். கைக்குழந்தை இடுப்பில் இருந்தது. "விசாரணை நடக்குதாம், பொறுத்திருக்கட்டாம்" என்று சொன்னேன். என் இரண்டு கன்னங்களையும் பிடித்துக் கொஞ்சினா.

மற்றப் பெண்கள் முகாம் முகாமாக ஏறி இறங்கினார்கள், கொழும்புக்குப் போனார்கள், வெளிநாட்டுக்காரர் வந்தபோது வரிசையில் நின்றார்கள். புவனம் அக்கா போகவில்லை. விசாரணை நடக்கிறதே, நாங்கள் போய்க் குழப்பக்கூடாது என்று வீட்டிலேயே இருந்தா. இதைத் தங்கைதான் எனக்குப் பின்னாளில் சொன்னாள். யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

4

மாசி மாதக் கூட்டத்தில் தை மாதத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டது. பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்கும் முறை நன்றாக வேலை செய்கிறது என்று அதில் இருந்தது. அதையே பள்ளியின் நடைமுறையாக எழுதி வைக்கலாம் என்று அதிபர் சொன்னார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். என் கையும் உயர்ந்தது. படப்புத்தகம் இனி எந்த வயதில், பெற்றோருக்கு எப்போது முன்கூட்டிச் சொல்வது என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போனது. ஹென்றிக் ஒரு நேரான கேள்வி கேட்டார். அதற்கு நேரான பதில் கிடைக்காமல் போனது என்னால்.

கூட்டம் முடிந்து மேலங்கி போடும்போது அதிபர் என் தோளைத் தொட்டார். "உங்கள் கேள்வி எங்களை யோசிக்க வைத்தது. இனிமேல் டேனிஷ் வாசிக்காத பெற்றோருடன் பேசும்போது வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வோம். பங்குனியில் நடக்கும் பெற்றோர் சந்திப்பிலேயே தொடங்குகிறோம்."

நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? காருக்குள் வந்து இருந்தபிறகுதான் பங்குனிக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

அந்த அறிவித்தலையும் ஜெசிந்தாவுக்கு நான்தான் வாசித்தேன். இந்த முறை உள்ளதை உள்ளபடி. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனக்கா, நீங்கள் இருக்கேக்கை எனக்கு வேற ஆள் ஏன்? உங்களைவிட ஆர் எனக்கு வடிவாச் சொல்லப்போகினம்?"

வீட்டில் மகன் கவினிடம் சுற்றி வளைத்துப் பார்த்தேன். அவனுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன். அவன் டேனிஷில் சொல்வான். இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. "ஜெசிந்தா அன்ரியின்ர பிள்ளை பள்ளிக்கூடத்தில எப்பிடி?"

"எமிலா? நன்றாகப் பந்து அடிப்பான். எங்களோடு விளையாடுகிறான்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"எல்லோருக்கும் தெரியும், அம்மா." கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு கத்தோலிக்கத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை உண்டு. ஜெசிந்தாவைக் காரில் கூட்டிப்போவதற்காகச் சைவக்காரியான நானும் போவேன். அன்றைக்குப் பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வெளியே புல்லில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளை "எமில்! எமில், இங்கே அடி!" என்று கத்தியது. ஜெசிந்தா யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"ஆரக்கா அது எமில்? எங்கட ஆக்களிலை அப்பிடி ஒருத்தரும் இல்லையே," என்று சிரித்தாள். "எங்கட டிலானியும் அந்தப் பெடியளோடதான் நிக்கிறாள்."

கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். அங்கே நின்ற இரண்டு மூன்று தாய்மார் சட்டென்று தேத்தண்ணிக் கோப்பைக்குள் குனிந்தார்கள். அப்போது தெரிந்தது, அவர்களுக்கும் தெரியும். தங்கள் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். ஜெசிந்தா ஒருத்திதான் மிச்சம். சந்திப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அவள் வீட்டுத் தெருவால்தான் போனேன். ஒருநாள் வாசலில் லொறிக்காரரின் பெரிய சப்பாத்துக் கிடந்தது, அன்ரன் வந்துவிட்டார் என்று திரும்பினேன். இன்னொரு நாள் அவளுக்குத் தலையிடி. மற்ற நாட்களுக்குக் காரணமே தேவைப்படவில்லை. நான் கோழை என்பதை இந்த வயதில் கண்டுபிடித்தேன்.

5

சந்திப்புக்கு முதல்நாள் பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டு மணி அடித்தது. பிள்ளை நின்றது. தலைமயிரைக் காதுவரைக்கும் வெட்டியிருந்தது. ஜெசிந்தா பேன் தொல்லை என்று வெட்டிவிட்டதாக என்னிடம் சொல்லியிருந்தாள். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தது. மேசையில் இருந்த விசுக்கோத்தைத் தொடவில்லை.

"அன்ரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்," என்றது டேனிஷில். "நீங்கள்தான் அம்மாவுக்கு எல்லாம் வாசிப்பீர்கள், இல்லையா?"

"ஓம்."

பென்சில் பெட்டிக்குள் இருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தது. மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியிருந்தது. என் நாலு வரி. வகுப்பாசிரியை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"இதை ரீச்சர் எனக்குத் தந்தா. உன் அம்மா பெருமைப்படுகிறா என்று சொன்னா. நான் அன்றைக்கு ஓடி வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டா. டிலானி என்றுதான் கூப்பிட்டா. சரி, அப்பா வரும்வரை காத்திருக்கிறா என்று நினைத்தேன். அப்பா வந்தார். பிறகும் டிலானி. நத்தாருக்குச் சட்டை வாங்கித் தந்தா, பூப்போட்டது." பிள்ளை மூச்சை இழுத்தது. "ஐந்து மாதம், அன்ரி. ஒரு தடவைகூட என்னை அப்படிக் கூப்பிடவில்லை. அம்மா பள்ளிக்கூடத்துக்கு ஒன்று எழுதுகிறா, வீட்டில் வேறு மாதிரி இருக்கிறா. ஏன் அம்மா பொய் சொல்கிறா?"

விசுக்கோத்துத் தட்டைப் பிள்ளையின் பக்கம் தள்ளினேன்.

"நான் இப்போது அம்மாவிடம் ஒன்றும் சொல்வதில்லை," என்றது பிள்ளை. "சொன்னால் என்ன பயன், அவ ஏற்கெனவே பொய் சொல்கிறா. நாளைக்கு அந்த மொழிபெயர்ப்பாளர் வந்து கேட்டால் அவ மறுபடியும் பெருமை என்றுதான் சொல்லுவா. அதைக் கேட்டுக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது. நான் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டேன்."

எங்கே போவாய் என்று கேட்டேன். பிள்ளை யன்னல் பக்கம் திரும்பிக் கடல்நீரேரி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து வயதுப் பிள்ளை.

"அம்மா பொய் சொல்லேல்லை, ராசா," என்றேன். அந்தச் சொல் எப்படி வாயில் வந்ததோ தெரியாது. பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பியது. "அம்மாவுக்குத் தெரியாது. இதை எழுதினது நான்."

பிள்ளை தாளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அழும் என்று நினைத்தேன், அழவில்லை. தாளை மறுபடி நாலாக மடித்து, பெட்டிக்குள் வைக்காமல் மேசையில் விட்டது.

"அப்ப ஒருவரும் பெருமைப்படவில்லையா?" என்று கேட்டது. அதை மட்டும் தமிழில் கேட்டது.

மேலங்கியைப் போட்டுக்கொண்டு நானும் பிள்ளையும் நடந்தே போனோம். ஜெசிந்தா கதவைத் திறந்தாள். வேலைக்குப் போய் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. உள்ளே அன்ரனின் குரல் கேட்டது. சந்திப்புக்காக ஒருநாள் லீவு போட்டு வந்திருந்தார். "என்ன ரெண்டு பேரும் சேந்து வாறியள்? கடிதம் ஏதும் வந்ததோ அக்கா?"

"ஓம். ஐப்பசியில வந்தது. நான் உனக்குச் சொல்லேல்லை."

அவள் கையை உடுப்பில் துடைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். அன்ரன் ரீவியை நிறுத்தினார். பிள்ளை கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றது. "வாசியுங்கோ," என்றாள் ஜெசிந்தா.

வாசித்தேன். முதலில் ரெலிபோனில் இருந்த ஆசிரியையின் கடிதம், ஒரு சொல்லும் விடாமல். பிறகு அவள் எழுதியதாக இருக்கும் பதில். அன்ரன் எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கதவு திறந்தபடியே இருந்தது, குளிர் உள்ளே வந்தது.

ஜெசிந்தா பிள்ளையைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். கூப்பிட வாய் எடுத்தவள் பெயர் சொல்லாமல் நிறுத்திவிட்டு, கையை மட்டும் நீட்டினாள். பிள்ளை வரவில்லை, போகவுமில்லை. நீட்டிய கை அப்படியே இருக்க, அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மிகவும் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அக்கா, பத்து வருசமா நீங்கள் எனக்கு வாசிச்ச மற்றக் கடிதங்களிலை என்ன எழுதியிருந்தது?"